பத்திரம் சொன்னது 1952, ரிவிட் சொன்னது 1950: ஒரு செவ்ரோலே 3100-இன் மாடல் ஆண்டைத் தேடிய ஆய்வு

வண்டி: செவ்ரோலே 3100, அரை டன் பிக்கப். வீல்பேஸ் 116 அங்குலம். முகப்பில் ஐந்து கிடைக்கம்பி கிரில், நடுவில் பட்டை வைத்த இரண்டு துண்டு முன்கண்ணாடி. 1947 ஜூன் கடைசியில் விற்பனைக்கு வந்து 1955 மார்ச் வரை தயாரான 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையைச் சேர்ந்தது. டைட்டில் என்று அமெரிக்காவில் சொல்லப்படும் உரிமைப் பத்திரத்தில் மாடல் ஆண்டு 1952 என்று அச்சாகியிருந்தது. புதுப்பிக்கும் வேலை தொடங்கவில்லை. பாகங்களுக்குப் பட்டியல் போடும் கட்டம். முடிவில் அது 1950 ஜூலை மாத வண்டி என்று உறுதியானது.

இரண்டு வருட வித்தியாசம்தானே என்று தோன்றும். இந்த வரிசையில் அது பெரிய வித்தியாசம். 1950-க்கும் 1951-க்கும் நடுவே பிரேக் அமைப்பே மாறுகிறது, கதவின் கண்ணாடி அமைப்பு மாறுகிறது, கேபினின் பக்கத் தகடு மாறுகிறது. 1952 என்று நம்பி பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், கதவு ரப்பர், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் எல்லாம் தருவித்திருந்தால் பாதிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்திருக்கும். அதைவிடக் கெட்டது, "எப்படியாவது உட்காரட்டும்" என்று ஃப்ரேமிலும் கேபினிலும் புதுத் துளை போடுவது. போட்ட துளையைத் திரும்ப எடுக்க முடியாது. அடுத்து வருபவருக்கு ஆண்டைக் காட்டும் தடயமும் அதோடு அழிந்துவிடும்.

முகப்பைப் பார்த்து முடிவாகிற பங்கு சிறியது. 1954-இல் முன்கண்ணாடி வளைந்த ஒற்றைத் துண்டானது. கிரிலும் தடித்த குறுக்குச் சட்டமாக மாறியது. எனவே இந்த வண்டி 1947-க்கும் 1953-க்கும் இடைப்பட்டது. அதே நிறுவனத்தின் இன்னொரு பிராண்டான ஜிஎம்சி பெயரில் வந்த இரட்டைப் பிறவி வண்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றின் எஞ்சின் வேறு, எண் முறையும் வேறு.

1952 என்று சொன்ன சாட்சிகள்

கதவுகளில் முக்கோணக் கண்ணாடி இருந்தது. அது 1951-இல்தான் இந்த வரிசைக்கு வந்தது. வெளிக் கைப்பிடி கீழே திருப்பும் வகை இல்லை, பொத்தான் அழுத்தும் வகை. அது 1952-இன் மாற்றம். டாஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் 90 மைல் வரை காட்டியது. முந்தைய வண்டிகளில் 80-தான் உச்சம். மீட்டரைச் சுற்றிய அலங்காரப் பட்டைகள் குரோம் இல்லாமல் பெயின்ட் அடித்தவை. கொரியப் போர்க் காலத்தில் நிக்கலுக்கும் குரோமுக்கும் கட்டுப்பாடு வந்ததால் அந்த ஆண்டுகளின் வண்டிகளில் பல பாகங்கள் பெயின்டுக்கு இறங்கின. ஆக இதுவும் 1952-ஐ ஒட்டியே நின்றது. பானெட் பக்கத்தில் 3100 என்ற பெரிய எண் மட்டும் இருந்தது, செவ்ரோலே என்ற சொல் இல்லை. அது 1952 நடுவிலோ 1953-இலோ வந்த முறை.

ஓட்டுநர் கதவுத் தூணில் இருக்கும் எண் பிளேட்டில் இரண்டு மூன்று கோட்டிங் பிரஷ் பெயின்ட் ஏறியிருந்தது. டார்ச் அடித்துப் படித்ததில் '3 கேபிஜி' (3KPG) என்று தொடங்குவதாகத் தெரிந்தது. (கடைசி எண்களை இங்கே எழுதவில்லை.) 1952 வரையிலான எண் முறை இது: முதலில் ஆலை எண், அடுத்து ஆண்டைக் குறிக்கும் எழுத்து, அடுத்து எடை வகுப்பு, அடுத்து மாதம், கடைசியில் 1001-இலிருந்து ஓடும் வரிசை எண். அரை டன் வண்டிக்கு 'பி'. ஆண்டு எழுத்துகள்: 1947-க்கு ஈ, 1948-க்கு எஃப், 1949-க்கு ஜி, 1950-க்கு எச், 1951-க்கு ஜே, 1952-க்கு கே. முக்கால் டன் வண்டியானால் 'பி'க்குப் பதில் 'ஆர்', ஒரு டன்னுக்கு 'எஸ்'. 1953 முதல் முறையே மாறி, ஆண்டு இரண்டு இலக்கமாக நேரடியாக எழுதப்பட்டது. அதன்படி 3 என்பது செயின்ட் லூயிஸ் ஆலை, கே என்றால் 1952, ஜி என்றால் ஜூலை.

பத்திரம், கதவு, மீட்டர், பிளேட் நான்கும் ஒரே ஆண்டைச் சொல்லின. இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தியிருந்தால் தப்பாகியிருக்கும்.

சாட்சி எத்தனை என்று எண்ணுவதைவிட, அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தவையா என்று பார்ப்பதே முக்கியம். இரண்டு கதவும் மீட்டரும் ஒரே உடைந்த வண்டியிலிருந்து ஒரே நாளில் கழற்றி வந்திருக்கலாம். அப்படியானால் அவை மூன்றும் சேர்ந்து ஒரு சாட்சிதான். நாலு போல்ட்டில் கழன்று வருகிற எதுவும் தன் ஆண்டைத்தான் சொல்லும். வண்டியின் ஆண்டைச் சொல்லாது.

ஒத்துப்போகாத இடங்கள்

முதல் முரண் ஓட்டுநரின் இடது கால் பக்கம் தெரிந்தது. 1950 வரை இந்தக் கேபின்களில் ஓட்டுநர் பக்கக் கௌல் தகட்டில், அதாவது முன் மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவே, திறந்து மூடும் காற்று வாய் ஒன்று உண்டு. 1951-இல் அதை எடுத்துவிட்டார்கள். இந்த வண்டியில் வெளிப்பக்கம் மழமழவென்றிருந்தது. பார்வைக்கு 1951-க்குப் பிந்தைய தகடுதான். ஆனால் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்தத் தகட்டில் நகர்த்தியபோது, உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு நாற்சதுரத்தின் நான்கு ஓரங்களிலும் பிடி தளர்ந்தது. நடுவில் பிடித்தது, ஓரத்தில் பிடிக்கவில்லை. தகடு வைத்து வெல்டிங் செய்து, ஓரங்களைப் பட்டி போட்டு நிரவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே கால்பக்க அட்டையைக் கழற்றி, கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்ததும் திறப்பின் மடிந்த விளிம்பும் கைப்பிடி பொருத்திய துளைகளும் அப்படியே இருந்தன.

இந்த ஒரு தடயம் கதவு இரண்டையும் மீட்டரையும்விட எடை கூடியது. காரணம், மாற்றங்கள் நடக்கிற திசை. தண்ணீர் ஒழுகுகிறது, துரு பிடிக்கிறது என்று காற்று வாயை அடைப்பவர்கள் உண்டு. காற்று வாய் இல்லாத தகட்டை வெட்டி, விளிம்பு மடித்து, அச்சு அசலாக ஒன்றைத் திறப்பவர் எவரும் இல்லை. பழைய வண்டியில் எந்தப் பாகத்தைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இது பழையதிலிருந்து புதியதற்குப் போயிருக்குமா, புதியதிலிருந்து பழையதற்குப் போயிருக்குமா? வசதிக்காக, பாகம் கிடைப்பதற்காக, பாதுகாப்புக்காக மாற்றுகிறவர் முன்னோக்கித்தான் போவார். ஆகவே வண்டியில் மிச்சமிருக்கும் பழைய அம்சம் அதன் உச்ச ஆண்டை உறுதியாகச் சொல்கிறது. புதிய அம்சம் பெரும்பாலும் எதையும் நிரூபிப்பதில்லை.

இரண்டாவது பிரேக். பின் சக்கர டிரம் ஒன்றைக் கழற்றியதில் உள்ளே இருந்தது ஹக் பிரேக். 1951 முதல் அரை டன்னுக்கு பெண்டிக்ஸ் வந்துவிட்டது. இரண்டையும் அடையாளம் காண்பது சுலபம். பெண்டிக்ஸில் இரண்டு ஷூக்களும் மேலே ஒரே ஊன்று முளையில் சாயும். கீழே இரண்டையும் இணைக்கிற பல்சக்கர அட்ஜஸ்டர் இருக்கும். ஹக்கில் ஷூக்களின் ஊன்றுகள் கீழே. அட்ஜஸ்ட் செய்கிற பற்கள் வீல் சிலிண்டரின் இரு முனை மூடிகளிலேயே இருக்கும். பேக்கிங் பிளேட்டில் உள்ள துளை வழியாக ஸ்குரூ டிரைவரை விட்டு அந்த மூடிகளைத் திருப்புவார்கள். முன் சக்கரத்திலும் அதே ஹக்தான். திசைக் கேள்வி இங்கேயும் பொருந்துகிறது: ஹக்கை எடுத்துவிட்டு பெண்டிக்ஸ் போட்ட வண்டிகள் ஏராளம், பெண்டிக்ஸை எடுத்து ஹக் போட்ட வண்டி கிடையாது என்றே கொள்ளலாம்.

இப்போது மேல் எல்லை 1950. கீழ் எல்லை எது?

பெட்ரோல் டாங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் நின்றிருந்தது. பெட்ரோல் ஊற்றும் வாய் பயணி பக்கக் கதவுக் கைப்பிடிக்குப் பின்னால், கேபின் தகட்டிலேயே அமைந்திருந்தது. 1947, 1948 வண்டிகளில் டாங்க் சுமைப் பெட்டிக்கு அடியில், ஊற்றும் வாய் பெட்டியின் வலப்பக்கம். ஆகவே கேபின் 1949 அல்லது 1950.

இந்த இரண்டையும் பிரிப்பது ஷாக் அப்சார்பர். 1949 வரை லீவர் கை வகை. 1950 முதல் டெலஸ்கோப்பிக் குழாய் வகை. வண்டியில் குழாய் வகைதான் இருந்தது, ஆனால் அதை மட்டும் வைத்து 1950 என்று சொல்லிவிட முடியாது. லீவர் வகை ஷாக்குகளுக்கு மாற்று கிடைப்பது சிரமம் என்பதால் குழாய் வகைக்கு மாற்றுவதற்கென்றே பிராக்கெட் தொகுப்புகள் விற்கின்றன. இது புதிய அம்சம், எனவே சந்தேகத்துக்குரியது. பார்க்க வேண்டியது ஷாக்கை அல்ல, பிராக்கெட்டை. ஃப்ரேமின் மண், கிரீஸ் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு நான்கு மூலையிலும் பார்த்ததில் மேல் பிராக்கெட்டுகள் ஃபேக்டரி ரிவிட்டில் நின்றன. போல்ட் இல்லை, வெல்டிங் தையல் இல்லை. லீவர் ஷாக் உட்கார்ந்திருந்தால் ஃப்ரேம் சட்டத்தின் பக்கச் சுவரில் அதற்கான வெற்று போல்ட் துளைகள் இருந்திருக்கும், அவையும் இல்லை. ரிவிட் தலையின் விளிம்பும் ஃப்ரேமும் ஒரே பழைய பெயின்டுக்கு அடியில் இருந்தன. கழற்றி மாட்டிய ரிவிட் இப்படி இருக்காது. 1950.

பிளேட்டை மறுபடி படித்தது

அப்படியானால் பிளேட்டில் 'கே' எப்படி வந்தது? வேறு கேபின் ஏறியிருக்கிறதா? இது சாதாரணமாக எழும் கேள்வி, கேட்டே ஆக வேண்டிய கேள்வியும்கூட. எண் பிளேட் ஒட்டியிருப்பது கேபினின் கதவுத் தூணில். துருப்பிடித்த கேபினைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தால் பிளேட்டும் அதோடு வந்துவிடும். ஃப்ரேம் ஓர் ஆண்டு, பிளேட் ஓர் ஆண்டு என்று நிற்கும். ஆனால் இங்கே கௌல் காற்று வாய் அந்தக் கேபினிலேயே இருக்கிறது. 1952 பிளேட்டும் 1950 கௌலும் ஒரே கேபினில் இருக்க வழியில்லை. ஒன்று, பிளேட் பிறகு ஒட்டப்பட்டது. இல்லை, படித்தது தப்பு.

சுத்தம் செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பிளேட்டை இந்தக் கட்டத்தில்தான் கெடுக்கிறார்கள். உப்புத்தாள் கூடாது, கம்பி பிரஷ் கூடாது, டிரில்லில் மாட்டும் எந்தச் சக்கரமும் கூடாது. அச்சிட்ட பின்னணி நிறம் மெல்லிய படலம்தான். ஒரே தேய்ப்பில் போய்விடும். எண்கள் உலோகத்தில் அழுத்தி அடிக்கப்பட்டவை என்பதால் தாங்கும், ஆனால் ஆழம் குறைவு. முதலில், இருக்கிற நிலையிலேயே போட்டோ எடுக்க வேண்டும்: நேராக ஒன்று, டார்ச்சை இடமிருந்து தட்டையாக அடித்து ஒன்று, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து ஒவ்வொன்று. பிறகு பிளேட்டைச் சுற்றித் தூணில் டேப் ஒட்டிவிட்டு, மிதமான பெயின்ட் ரிமூவரைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, ஓர் எழுத்து அகலத்துக்கு மட்டும் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் தூக்க வேண்டும். முதலில் பிளேட்டின் ஒரு மூலையில் சோதித்து, பின்னணி நிறம் பஞ்சில் வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். வந்தால் உடனே நிறுத்தி, ரிமூவரை விட்டு வெந்நீர்த் துணியும் சுரண்டியுமாக மெதுவாகப் போக வேண்டும். வேலை முடிந்ததும் மெல்லிய வெள்ளைத் தாளை மேலே வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்துகள் தாளில் எழும்பி வரும். கண்ணைவிடத் தாள் நேர்மையானது. நாம் எதிர்பார்ப்பதை அது படிப்பதில்லை.

தாளில் எழும்பியது 'எச்'. இரண்டு செங்குத்துக் கால்களும் முழுசாக இருந்தன. வலது காலின் மேல் பாதியில் ஒரு பழைய கீறல் சாய்வாக இறங்கி நடுக்கோட்டைத் தொட்டிருந்தது. காலின் பள்ளத்தில் பெயின்ட் கட்டியாக நின்று அதை மறைத்திருந்தது. பெயின்டோடு பார்த்தால் அது 'கே'தான். பத்திரத்தில் 1952 என்று ஏற்கெனவே படித்துவிட்ட கண்ணுக்கு நிச்சயமாக 'கே'தான். பத்திரத்தைப் பார்க்காத இன்னொருவரைப் பிளேட்டைப் படிக்கச் சொல்லியிருந்தால் சந்தேகம் அன்றே எழுந்திருக்கும். அதனால் படிப்பவரிடம் ஆண்டைச் சொல்லாமலிருப்பதே நல்ல வழக்கம். 'எச்'சும் 'கே'யும் மட்டுமல்ல. 3-உம் 8-உம், 'ஜி'யும் 6-உம், ஒன்றும் ஏழும் இதே மாதிரி ஏமாற்றும்.

பிளேட் அசலா என்பதையும் அப்போதே பார்த்தாயிற்று. பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளி நிறம்; 1953-இல்தான் அது நீலமானது. வெற்றுப் பிளேட்டுகள் நகலாக விற்கப்படுவதால் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது. எச் எழுத்து இருந்து பின்னணி நீலமாக இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

தேதி வார்ப்புகள், எஞ்சின்

பிளேட் கேபினைச் சொல்கிறது. ரிவிட் ஃப்ரேமைச் சொல்கிறது. இரண்டும் ஒரே வண்டியாகப் பிறந்தவையா என்பதற்கு இன்னொரு சாட்சி வேண்டும். வார்ப்பு இரும்புப் பாகங்களில் வார்த்த தேதியே புடைப்பாக இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, 'ஏ' என்றால் ஜனவரி, அடுத்து நாள், கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். பின் அச்சின் டிஃபரன்ஷியல் உறையில் 'எஃப் 21 0' என்று இருந்தது. ஜூன் 21, பூஜ்யத்தில் முடியும் ஆண்டு. அது 1940-ஆ, 1950-ஆ, 1960-ஆ என்பதை வார்ப்பு சொல்லாது. சூழலைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். புரொபெல்லர் ஷாஃப்ட்டை முழுசாக மூடிய டார்க் டியூப் அமைப்பு இந்த அரை டன் வரிசையில் 1954-ஓடு முடிந்தது. 1955-இல் திறந்த ஷாஃப்ட். எனவே 1960 இல்லை. 1940-இல் இந்த வரிசையே கிடையாது. மிஞ்சுவது 1950 ஜூன் 21. பாகம் வார்த்து, கடைந்து, ஆலைக்குப் போய், வண்டியில் ஏற சில வாரங்கள் ஆகும். பிளேட்டில் மாத எழுத்து 'ஜி', ஜூலை. கச்சிதமாகப் பொருந்துகிறது. வார்ப்புத் தேதி வண்டியின் மாதத்துக்குப் பிந்தியதாக இருந்தால் அந்தப் பாகம் பிறகு ஏறியது. பல மாதம் முந்தியதாக இருந்தால் வேறு வண்டியிலிருந்து வந்திருக்க வாய்ப்புண்டு.

எஞ்சினை வைத்து ஆண்டு தேடுவது இந்த வண்டிகளில் வீண் வேலை என்பதைத் தயங்காமல் சொல்லலாம். 216 கன அங்குல எஞ்சினில் பாபிட் என்ற மென்மையான கலப்பு உலோகம் ஊற்றிய கனெக்டிங் ராடு பேரிங். ராடுகளுக்கு அழுத்தத்தில் ஆயில் போகாது, கரண்டி போன்ற முனை தொட்டியில் தோய்த்து அள்ளிக்கொள்ளும். அடுத்து வந்த 235-இல் முழு அழுத்த ஆயிலும் மாற்றக்கூடிய பேரிங் ஷெல்லும் உண்டு. எனவே 216-ஐத் தூக்கிவிட்டு 235 வைப்பது அந்தக் காலத்திலிருந்தே நடக்கிறது. இந்த வண்டியிலும் அதுதான். புஷ்ராடு பக்க மூடியைப் பார்த்தாலே தெரிந்தது: 216-இல் அது உயரமாக ஏறி, ஸ்பார்க் பிளக்குகளைச் சுற்றி வெட்டு விட்டு ஹெட் வரை போகும், 1954-க்குப் பிந்தைய டிரக் 235-இல் பிளாக்கோடு குட்டையாக நின்றுவிடும். இங்கே குட்டை மூடி. பிளாக்கின் வலப்பக்கம், ஸ்டார்ட்டர் பக்கமாகச் சுத்தம் செய்ததில் வார்ப்புத் தேதி 'சி 9 6'. மார்ச் 9, குட்டை மூடி இருப்பதால் 1946 இல்லை, 1956.

டாஷ்போர்டில் ஆயில் மீட்டர் முள் எப்போதும் கடைசி முட்டில் நிற்பதற்கும் இதுதான் காரணம். 216 காலத்து மீட்டர் 30 பவுண்டு வரைதான் காட்டும். 235-இன் அழுத்தம் அதைத் தாண்டிவிடும். மீட்டர் பழுது என்று கழற்றி எறிய வேண்டாம்.

பத்திரத்தில் 1952 வந்த வழி

பத்திரத்தில் அடையாள எண்ணாக அச்சாகியிருந்தது பிளேட் எண் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் அருகே பிளாக்கில் அடித்திருந்த எஞ்சின் எண். இலக்கத்துக்கு இலக்கம் அதே. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் எஞ்சின் எண்ணையே வண்டியின் அடையாளமாகப் பதிந்தன. எல்லா உற்பத்தியாளருக்கும் பொதுவான 17 எழுத்து எண் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. எனவே எஞ்சின் எண் இருந்தது வியப்பில்லை. ஆனால் அந்த எஞ்சின் வார்க்கப்பட்டது 1956-இல். அதன் எண்ணைத் தாங்கிய பத்திரம் 1956-க்கு முன் எழுதப்பட்டிருக்க முடியாது. அது முதல் பதிவின் பத்திரமே இல்லை. எஞ்சின் மாறிய பிறகு மறுபடி எழுதியது. அதிலுள்ள ஆண்டு வண்டியின் தோற்றத்தோடு பொருந்துகிறது, அதாவது கதவோடும் மீட்டரோடும். கடைசியில் மீந்த ஒரு சாட்சியும் கதவின் சாட்சிதான்.

பத்திரத்தையும் பிளேட்டையும் ஒத்துப்போகச் செய்வது பெயின்ட் வேலைக்கு முன்பே முடிய வேண்டிய காரியம். மாநில வாகனப் பதிவு அலுவலகத்தின் எண் சோதனைக்கு வண்டியைக் காட்ட வேண்டியிருக்கும். அப்போது பிளேட் தூணிலேயே, பழைய பிணைப்போடு இருப்பது நல்லது. பளபளப்பான புதுப் பெயின்டில் கழற்றி மாட்டிய பிளேட் அனாவசியச் சந்தேகம் கிளப்பும். அடையாள எண்ணை நீக்குவதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம். கொண்டுபோக வேண்டியவை: பென்சில் தேய்ப்புத் தாள், சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள், டிஃபரன்ஷியல் வார்ப்புத் தேதி, எஞ்சின் எண், பிளாக் வார்ப்புத் தேதி ஆகியவற்றின் போட்டோக்கள். பத்திரம் மாறும் வரை எஞ்சினைக் கழற்றி விற்றுவிடக் கூடாது. பழைய பத்திரத்துக்கும் இந்த வண்டிக்கும் உள்ள ஒரே கயிறு அதுதான்.

பட்டியலில் மாறியவை

பிரேக்: 1950-க்கான ஹக் ஷூ, வீல் சிலிண்டர். பெண்டிக்ஸுக்கு மாற்றலாமா என்ற கேள்வி வரும். அச்சும் டிரமும் அசலாக நிற்கிற வண்டியில் ஹக்கையே சீராக்குவது எங்கள் தேர்வு. ஹக் மோசம் என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் அட்ஜஸ்ட் செய்யாமல் விடுவது. வீல் சிலிண்டர் மூடிகளின் பற்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால் ஷூ டிரம்மை நெருங்காது. மிதி தரை வரை போகும். மூடிகள் கையால் சுழல்கிற அளவுக்குச் சுத்தமாகாவிட்டால் சிலிண்டரையே மாற்றிவிட வேண்டும்.

ஷாக் அப்சார்பர் 1950-க்குப் பிந்தைய வகை. பாகப் பட்டியல்களில் 1947–49 என்று தனியாகக் கோடு போட்டிருப்பதைக் கவனிக்கவும். முன்கண்ணாடி ரப்பர் இரண்டு துண்டுக் கண்ணாடிக்கானது. இதில் ஆண்டு தப்பாகப் போட்டிருந்தாலும் நட்டமில்லை. பெட்டியின் மரப்பலகை எண்ணிக்கை 1951 வாக்கில் ஒன்பதிலிருந்து எட்டானது. பெட்டிகள் முழுசாக மாறிவிடுவதால் ஆண்டைப் பார்த்துப் பலகை வாங்கக் கூடாது. குறுக்குச் சட்டங்களின் போல்ட் துளை வரிசைகளை எண்ணி, 78 அங்குல நீளத்தையும் 50 அங்குல அகலத்தையும் நேரில் அளந்து வாங்க வேண்டும்.

எஞ்சின் பாகங்கள் எதற்கும் வண்டியின் ஆண்டைச் சொல்லக் கூடாது. பிளாக்கின் ஆண்டான 1956-ஐச் சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில் மட்டும் கலப்பு உண்டு. ஒன்று வாட்டர் பம்ப்: 1955-க்குப் பிந்தைய 235-இன் பம்ப் இந்த முகப்பில் இடிக்கும் என்பதால் அடாப்டர் தகடு வைத்துப் பழைய பம்ப் மாட்டுவார்கள். எது மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற கேஸ்கெட். இன்னொன்று ஃபிளைவீல்: 6 வோல்ட் வண்டிக்கு 139 பல், பிந்தைய 12 வோல்ட்டுக்கு 168 பல். சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பல்லில் குறி வைத்து, கையால் சுற்றி எண்ணிய பிறகே ஸ்டார்ட்டரை வாங்க வேண்டும். ஸ்டார்ட்டர் முனையின் சின்னப் பல்சக்கரமான பினியன் தப்பாக இருந்தால் இரண்டு மூன்று ஸ்டார்ட்டில் பற்களைத் தின்றுவிடும்.

கௌல் காற்று வாயைத் திறப்பதென்று முடிவானது. ஒட்டிய தகட்டின் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுக்க வேண்டும். கிரைண்டர் வட்டை விட்டால் அடியிலுள்ள அசல் விளிம்பும் போய்விடும். கைப்பிடி 1950-க்கானது தட்டை இரும்பு; அதற்கு முந்தைய வண்டிகளின் மெரூன் குமிழை வாங்கிவிட வேண்டாம்.

கதவுதான் கடினம். முக்கோணக் கண்ணாடி இல்லாத 1947–50 கதவுகள் தேட வேண்டும். கிடைக்கும் வரை இப்போதுள்ளவையே நிற்கலாம், கீல் அதேதான். பழைய கதவு வாங்கும்போது பூட்டு, அது கதவுத் தூணில் மாட்டிக்கொள்ளும் ஸ்ட்ரைக்கர், ரெகுலேட்டர் மூன்றையும் அதே வண்டியிலிருந்து சேர்த்தே வாங்க வேண்டும். பொத்தான் வகைப் பூட்டையும் திருப்பும் வகை ஸ்ட்ரைக்கரையும் கலந்தால் கதவு சாத்தியது போலத் தெரியும், பள்ளத்தில் இறங்கும்போது திறந்துகொள்ளும். பானெட் எண் சின்னத்தைக் கழற்றி உட்பக்கம் பார்க்கவும். பழைய சின்னத்தின் அடைத்த துளைகள் அங்கே இருந்தால் அந்தத் துளைகளின் இடைவெளியை அளந்து, அதற்குப் பொருந்துகிற செவ்ரோலே 3100 சின்னத்தைத் தருவிக்க வேண்டும். அடைப்பே இல்லையென்றால் பானெட்டும் வேறு வண்டியுடையது.

மணல் பீச்சுவதற்குக் கேபின் போகும் முன் கதவுத் தூணின் பிளேட்டுக்கு மேல் இரண்டு அடுக்கு டேப், அதன்மேல் மெல்லிய தகடு, அதன்மேல் மறுபடி டேப். பீச்சுபவரிடம் சொன்னால் மட்டும் போதாது. தகட்டின் மேல் பெயின்ட் பேனாவால் "தொடாதே" என்று எழுதி அனுப்ப வேண்டும்.